சபியா சிஸ்டரின் படத்திறப்புக்கு நான் வரமாட்டேன்

சபியா இறந்துவிட்டார் என்ற செய்தியும், அவர் படத்தைத் திறந்துவைக்கப் போகிறார்கள் என்ற செய்தியும் ஒரே தொலைபேசி அழைப்பில்தான் எனக்கு வந்தன. பேசியவர், நானும் சபியாவும் முன்பு வேலை பார்த்த மருத்துவமனையின் மேலாளர். "வர்ற ஞாயித்துக்கிழமை இரங்கல் கூட்டம் மேடம். பெரிய டாக்டர் தலைமை. படம் ரெண்டடிக்கு ஒன்றரை அடி, கலர்ல போட்டிருக்கோம். நீங்க அவங்களோட வேலை பார்த்தவங்க. ரெண்டு வார்த்தை பேசணும்."

எப்போது இறந்தார் என்று கேட்டேன். "ஆச்சு மேடம், நாலு நாள்" என்றார். எப்படி இறந்தார் என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியவில்லை. படத்தின் நீள அகலம் தெரிந்தவருக்கு அது தெரியவில்லை. பூந்தமல்லியில் இருக்கும் சபியாவின் தங்கை மும்தாஜ் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கர்ப்பிணி ஒருத்தியைப் பார்த்துவிட்டு வந்தவர், பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். யாரோ சோடா வாங்கிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தி இரண்டு வயது. என் வயதுதான்.

மேலாளர் கேட்ட இரண்டு வார்த்தையை நான் அந்த மேடையில் பேசப்போவதில்லை. சபியாவோடு வேலை பார்த்த உங்களுக்கும், அவர் கைபட்ட வயிற்றோடு வீட்டுக்குப் போன உங்களுக்கும் இதை எழுதுகிறேன். இதில் என்னைப் பற்றியும் கெட்ட செய்தி இருக்கிறது. கடைசிவரை படியுங்கள்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் ஓர் அறக்கட்டளை நடத்திய பிரசவ மருத்துவமனை அது. பெயர் எழுத மாட்டேன். எண்பதுகளின் கடைசியில் மகப்பேறு டிப்ளமோ முடித்த கையோடு நான் அங்கே உதவி மருத்துவராகச் சேர்ந்தபோது, சபியா ஏற்கெனவே ஐந்தாறு வருடம் பழகிய ஸ்டாஃப் நர்ஸ். வியாழக்கிழமைகளில் சிக்கலான கர்ப்பங்களுக்கென்று தனி ஓ.பி. நடக்கும். பி.பி. ஏறியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், முன்பு குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனவர்கள் எல்லோரும் வருவார்கள். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து, கோவில்பதாகையிலிருந்து, திருவேற்காட்டிலிருந்து வந்து பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். சபியா ஒவ்வொருத்தியாகப் படுக்க வைத்து, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் மரக்குழலை வயிற்றில் ஊன்றி, மறுமுனையில் காதை அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் யாராவது பேசினால், கண்ணைத் திறக்காமலே ஒரு விரலைத் தூக்குவார். பெஞ்சு மொத்தமும் வாயை மூடும்.

ஆனால் குழலை வைப்பதற்கு முன்னால் அவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இன்னாம்மா, கொயந்த இன்னிக்கி இன்னா பண்ணிச்சு?" ஒருமுறை குவார்ட்டர்ஸ்காரர் ஒருவர், சர்க்கரை உள்ள தன் மனைவியோடு வந்திருந்தார். சபியா கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். நல்லா அசையுது, நல்லா சாப்பிடுறா, ஒண்ணும் பிரச்சனை இல்ல. சபியா நிமிர்ந்து, "சார், புள்ள உங்க வவுத்துலயா கீது?" என்றார். பெஞ்சு சிரித்தது. மனிதர் வெளியே போய் நின்றுகொண்டார். அவர் போன பிறகுதான் அந்தப் பெண், இரண்டு நாளாகக் குழந்தை மந்தமாக இருக்கிறது என்று வாயைத் திறந்தாள். அன்றே அவளை வார்டில் சேர்த்தோம்.

அசைவை எண்ணச் சொல்லும் பழக்கம் புத்தகத்தில் இருக்கிறது. நானும் படித்திருந்தேன். அதை எழுத்துக்கூடத் தெரியாத பெண்களின் கைக்குக் கொண்டுபோனவர் சபியா. வீட்டில் தினமும் கிழிக்கிற காலண்டர் தாளை எறிய வேண்டாம் என்பார். "சாப்ட்டுட்டு எடது பக்கமா ஒருக்களிச்சுப் படு. புள்ள அசைஞ்சா தாளுக்குப் பின்னால ஒரு கோடு. பத்து கோடு வர்ற வரைக்கும் எந்திரிக்காத. ரெண்டு மணி நேரமாகியும் பத்து வரலன்னா பொடவ மாத்திகினு நிக்காத. கட்டின பொடவையோட வா." கோலம் போடத் தெரிந்தவளுக்குக் கோடு போடத் தெரியாதா என்று கேட்பார். ஓ.பி. நாளில் பெண்கள் மடித்த காலண்டர் தாள்களை ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். சபியா அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்து, கேஸ் ஷீட்டில் குண்டூசியால் குத்திவைப்பார்.

இதற்கிடையில் மருத்துவமனைக்கு ஒரு சி.டி.ஜி. மெஷின் நன்கொடையாக வந்தது. குழந்தையின் இதயத்துடிப்பை ஓடும் தாளில் கோடாக வரைந்து காட்டும் கருவி. நலமாக இருக்கும் குழந்தை அசையும்போது அதன் துடிப்பு சற்று வேகமெடுக்கும், கோடு மேலே ஏறி இறங்கும். ஏறாமல் தட்டையாகவே ஓடினால் குழந்தை உள்ளே தவிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். பெரிய டாக்டர் அந்தக் கருவியைத் தன் அறைக்குப் பக்கத்து அறையில் வைத்து, பூப்போட்ட உறை போட்டு மூடி, சாவியைத் தன் மேஜைக்குள் வைத்துக்கொண்டார். பெரிய மனிதர்கள் வரும்போது உறையை எடுத்துக் காட்டுவார். மற்ற நாட்களில், தாள் சுருள் வீணாகிறது என்பார். அந்தக் கருவியோடு வந்த கையேட்டை சபியா வீட்டுக்கு எடுத்துப்போய், அகராதியை வைத்துக்கொண்டு முழுக்கப் படித்தார். எங்கள் மருத்துவமனையில் அதை முழுக்கப் படித்தவர் அவர் ஒருவர்தான். நான் படிக்கவில்லை.

இப்போது தனலட்சுமிக்கு வருகிறேன். கோவில்பதாகையில் வீடு. கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். முதல் இரண்டு குழந்தைகளும் எட்டாம் மாதம் வயிற்றிலேயே போய்விட்டன. மூன்றாவது முப்பத்தி ஆறு வாரம் தாண்டியிருந்தது. பி.பி. இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மாமியாரோடு வந்தாள். அவளுக்கு முறை வியாழக்கிழமைதான். முடி கூட வாராமல் வந்திருந்தாள். கையில் முந்தைய நாளின் காலண்டர் தாள். பின்பக்கத்தில் நான்கு கோடுகள்.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து நாலுதான்க்கா. உள்ள சத்தமே இல்லாத மாதிரி கீது."

சபியா குழலை வைத்தார். துடிப்பு இருந்தது. நானும் வைத்துக் கேட்டேன், இருந்தது. சபியா என்னைப் பார்த்து, "துடிப்பு இருக்கறது பத்தாது டாக்டர். மெஷின் போட்டுப் பாக்கணும்" என்றார். இருவரும் பெரிய டாக்டரிடம் போனோம். அவர் ஒரு விழாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சபியா தாளை நீட்டினார். அவர் அதை வாங்கவே இல்லை.

"துடிப்பு இருக்குல்ல? அப்புறம் என்ன? கோடு கிழிக்கிறவ சொல்றதைக் கேட்டு நான் வயித்தைக் கிழிக்கணுமா? வியாழக்கிழமை வரச் சொல்லு."

"சார், சாவி மட்டும் குடுங்க. அரை மணி நேரம். நானே போட்டு எடுத்து வெக்கிறேன்."

"நர்ஸ் வேலையைப் பாரும்மா."

சபியா என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க டாக்டர். நீங்க சொன்னா கேப்பாரு."

நான் சொல்லவில்லை. என் மேற்படிப்பு விண்ணப்பத்துக்கு அவருடைய சிபாரிசுக் கடிதம் தேவைப்பட்டது. காரணம் அவ்வளவுதான். வேறு காரணம் இருந்ததாக இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் தேறவில்லை. கேஸ் ஷீட்டில், குழந்தையின் இதயத்துடிப்பு நன்று, வியாழன் வரவும் என்று எழுதினேன். தனலட்சுமி பெஞ்சைவிட்டு எழவில்லை. இங்கேயே இரு, நான் பேசுகிறேன் என்று சபியா அவளைப் பிடித்துவைத்திருந்தார். ஆயாவை அனுப்பி அவளை எழுப்பி அனுப்பிவைத்தவள் நான்தான்.

வியாழக்கிழமை சபியா மரக்குழலை வயிற்றில் நான்கு இடங்களில் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். பிறகு குழலைக் கீழே வைத்துவிட்டு, தனலட்சுமியின் வயிற்றின் மேல் வெறும் கையை வைத்துக்கொண்டு நின்றார். மாமியார்தான் முதலில் கத்தினார்.

இறந்த ஆண் குழந்தை. பிரசவம் முடிந்து அவளை வார்டுக்குக் கொண்டுவந்தபோது பெரிய டாக்டர் நின்றுகொண்டிருந்தார், நானும் நின்றேன். தனலட்சுமி எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. சபியாவைத்தான் பார்த்தாள்.

"அக்கா, நான் சரியாத்தானே எண்ணினேன்?"

"நீ சரியாத்தான் எண்ணினே. எண்ணத் தெரியாதவங்க இங்க வேற ஆளுங்க" என்றார் சபியா. வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவரைத் தொலைத்துக்கட்டினார்கள். லேத் பட்டறை ஆட்கள் இருபது பேர் வந்து வாசலில் நின்றதும், விசாரணை வைக்க வேண்டியதாயிற்று. விசாரணைக்கு முந்தைய நாள் பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டை என் முன்னால் போட்டு, "இந்தக் குப்பையெல்லாம் எதுக்கு இதுல? சுத்தமா வை" என்றார். நான் குண்டூசியைக் கழற்றினேன். நான்கு கோடு போட்ட தாளை என் கையாலேயே கசக்கிக் கூடையில் போட்டேன். மறுநாள், நீள மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அறக்கட்டளைக்காரர்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். அசைவு குறைந்த விஷயத்தை சிஸ்டர் உங்களிடம் சொன்னாரா? ஞாபகம் இல்லை என்றேன். தட்டச்சு செய்து வந்த தாளில், தெரிவிக்கப்படவில்லை என்று இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டேன். சபியா எதிரே நின்று, என் கை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை லினன் அறைக்கு மாற்றினார்கள். சலவைக்குப் போன படுக்கை விரிப்புகளை எண்ணி வாங்கும் வேலை. அந்த வழியாகப் போகும் நர்ஸ்களிடம், "இங்கியும் எனக்கு எண்ணுற வேலதான் குடுத்துருக்காங்க, பாத்தியா" என்பாராம். நான் அந்த வழியாகப் போகவே மாட்டேன், மாடிப்படியைச் சுற்றிக்கொண்டு போவேன். நான்கு மாதத்தில் அவர் வேலையை விட்டார். எனக்குச் சிபாரிசுக் கடிதம் கிடைத்தது. இடமும் கிடைத்தது. படித்தேன்.

உங்களில் பலரும் அறிந்த சபியா அதற்குப் பிறகு வந்தவர்தான். பூந்தமல்லியில் ஒரு சின்ன கிளினிக்கில் காலையில் ஊசி போடுவார். மதியத்துக்கு மேல் மரக்குழலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். யாரும் அனுப்பவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. முதலில் தெரிந்த வீடுகளுக்குப் போனார், பிறகு வீடுகள் அவரைத் தேடின. திருவேற்காட்டில் மாமியார்களை உட்கார வைத்து, "மருமவ மத்தியானம் படுத்துகினு கீறான்னு திட்டாத. அவ படுத்துகினு வேல பாக்குறா" என்று சொல்லியிருக்கிறார். பூந்தமல்லியில் அவர் தெருப் பெண்கள், மருத்துவமனைக்குப் போவதென்றால் முதலில் சபியாக்காவைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். எந்த ஆஸ்பத்திரி வாசலிலும், "இவ சொல்றத எழுதிக்கோங்க" என்று சண்டை போடுவார். ராங்கிக்காரி என்று அவருக்குப் பெயர் இருந்தது. எனக்குத் தெரிந்து இரண்டு டாக்டர்கள் அவரை வாசலைத் தாண்டி விடக்கூடாது என்று காவலாளிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மேடையில் உட்காரப் போகிறார்.

மேற்படிப்பு முடித்து நான் முகப்பேரில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்ந்த சமயம். ஒரு நாள் மதியம் ஒரு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சபியா இறங்கினார், பின்னாலேயே தனலட்சுமி. நிறை வயிறு. நான் எழுந்து நின்றுவிட்டேன். சபியா வணக்கம் சொல்லவில்லை, நலம் விசாரிக்கவில்லை.

"முப்பத்தஞ்சு வாரம். பி.பி. ஏறிகினே கீது. காலையிலேர்ந்து மூணு அசைவு. இவ போன தடவ இன்னா பாடுபட்டான்னு உங்களுக்கு நான் சொல்ல வேணாம். நீங்க இன்னா பண்ணப்போறீங்க?"

தனலட்சுமியை இடது பக்கமாகப் படுக்க வைத்து மெஷினைப் போட்டோம். நாற்பது நிமிடம் ஓடியது. சபியா தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோடு ஒரு முறைகூட ஏறவில்லை. வயிற்றை மெல்ல அசைத்துப் பார்த்தேன், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். ஏறவில்லை. ஸ்கேனில் குழந்தையைச் சுற்றி நீர் மிகக் குறைவாக இருந்தது.

நர்சிங் ஹோம் உரிமையாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "முப்பத்தஞ்சு வாரம்தானே? நுரையீரல் முதிர ஊசி போட்டு ரெண்டு நாள் பாருங்க. எடுத்து ஏதாவது ஆச்சுன்னா நம்ம பேருதான் கெடும்" என்றார். சபியா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். இன்னிக்கே எடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திராமல் தொலைபேசியை வைத்தேன். மயக்க மருந்து டாக்டரையும் குழந்தை டாக்டரையும் வரவழைத்தேன். மூன்றரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நீர் பச்சையாகக் கலங்கியிருந்தது. குழந்தை எலும்பும் தோலுமாக இருந்தது. நஞ்சுக்கொடி சுருங்கி, அங்கங்கே கல்லாக இறுகியிருந்தது. இரண்டு நாள் தாங்கியிருக்காது. குழந்தை உடனே அழவில்லை. குழந்தை டாக்டர் மூக்கையும் வாயையும் உறிஞ்சி எடுக்க, சபியா முதுகைத் துணியால் தேய்த்துக்கொண்டே, "கத்துடி, கத்துடி, உங்கம்மா ரொம்ப நாளா காத்துகினு கீறா" என்றார். கத்தினாள். அந்தப் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

அன்று மாலை வராந்தாவில் சபியாவிடம் போனேன். "சபியா, அன்னிக்கு நான் செஞ்சது…" என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மன்னிப்பு கேக்காதீங்க டாக்டர். நான் குடுக்க மாட்டேன். நான் மன்னிச்சுட்டா நீங்க நிம்மதியாயிடுவீங்க. நிம்மதியா கீற டாக்டருங்க ஊர்ல நெறைய பேரு கீறாங்க."

அதற்குப் பிறகு எத்தனையோ பெண்களை என்னிடம் அழைத்து வந்தார். ஒரு நாளும் என் அறையில் டீ குடித்ததில்லை.

இப்போது அந்த மருத்துவமனையில் கருவின் நலம் பார்க்கத் தனிப் பிரிவு திறந்திருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு அழகான அட்டை கொடுக்கிறார்கள். இடது பக்கம் படுக்கவும், பத்து அசைவுகளைக் குறிக்கவும் என்று அச்சடித்திருக்கிறார்கள். கட்டின புடவையோடு வா என்பதை மட்டும் உடனடியாக மருத்துவமனையை அணுகவும் என்று திருத்தியிருக்கிறார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று அதில் இல்லை. திறக்கப்போகும் படமும் பழைய குழுப் படம் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்ததாம். மும்தாஜிடம் ஒரு படம் கேட்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

பெரிய டாக்டரே, உங்கள் அலமாரியில் ஒரு கோப்பு இருக்கிறது. சபியா பேகம் தன் கடமையில் தவறினார் என்று அதில் இன்னும் எழுதியிருக்கிறது. அதை அங்கேயே வைத்துக்கொண்டு சுவரில் படத்தை மாட்டுவீர்களா? அந்தக் கோப்பில் உள்ள என் வாக்குமூலம் பொய் என்று எழுதி, பதிவுத் தபாலில் அறக்கட்டளைக்கு அனுப்பிவிட்டேன். சபியா செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கே சொன்னார். என்னிடமும் சொன்னார், உங்களிடமும் சொன்னார். முதலில் அதைத் திருத்துங்கள். நான் பத்து வருடம் தாமதமாகத்தான் இதைச் செய்தேன். அவர் உயிரோடு இருந்தபோது செய்யவில்லை. இதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம்.

மும்தாஜும் நர்ஸ்தான். அக்காவின் மரக்குழலை நீங்கள் வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டாள். வேண்டாம், உன் வேலைக்கு ஆகும் என்று சொல்லிவிட்டேன். சபியாவுடையதாக என்னிடம் இருப்பது, அவர் எனக்குத் தர மறுத்த மன்னிப்பு மட்டும்தான். அது கிடைக்காததால், என் எதிரே உட்கார்ந்திருக்கும் எந்தப் பெண்ணையும் வீட்டுக்குப் போ என்று சொல்ல எனக்குச் சுலபத்தில் வாய் வருவதில்லை. ஒரு நிமிடம் தயங்குகிறேன். இன்னொரு முறை கேட்கிறேன். சில நாள் அந்த ஒரு நிமிடத்தில் ஒரு குழந்தை பிழைத்திருக்கிறது.